முன்கண்ணாடி

நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. காரின் கதவுக் கைப்பிடியோ வெல்டரின் கையோடு கழன்று வந்துவிட்டது.

"என்னங்க இது?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

"கைப்பிடி."

"அது தெரியுது. கதவு எப்படித் திறக்கும்?"

அவன் கைப்பிடி இருந்த ஓட்டைக்குள் குனிந்து பார்த்தான். உள்ளே, தாழைத் திருப்புகிற சதுரக் கம்பி முறிந்துவிட்டது. துருவை அளவுக்கு மீறிச் சுரண்டினால் இரும்பும் கூடவே போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், தன் கையிலேயே அதைப் பார்த்தான்.

இரண்டே கதவுள்ள அந்தக் காலத்துக் கார். பழைய இரும்புக் கடையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்ததை மூன்று வருடத்துக்கு முன் இழுத்து வந்து, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிறுத்தினான். அன்றோடு அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை செத்தது. முதலில் சோறு ஆறியது, பிறகு பேச்சும் ஆறியது. பெயின்டே அடிக்காத காரைக் காட்டி, "இந்தச் சிவப்பு எப்படி?" என்று கேட்கிற ஆளிடம் அவள் என்னத்தைப் பேசுவாள்?

இன்றைக்கு அவள் தன் அக்காவின் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். திரும்பி வருவதாக இல்லை. பெட்டியையும் போனையும் வாசலில் வைத்துவிட்டு, வீட்டுச் சாவியைக் கொடுக்கத்தான் கொட்டகைக்கு வந்தாள்.

"நீ தைச்ச சீட்டு உறைய மாட்டிட்டேன். ஒரே நிமிஷம் உக்காந்து பாத்துட்டுப் போ" என்று அவன் உள்ளேயிருந்து கெஞ்சினான். அவள் தையல்காரி. தன் தையல் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்காமல் போக மனசு வரவில்லை. ஏறி உட்கார்ந்தவுடன், "இந்தச் சத்தத்தைக் கேளு" என்று அவன் எட்டிக் கதவை இழுத்துச் சாத்தினான்.

சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த கதவு சுவரோடு ஒட்டி நின்றது, சுண்டுவிரல் நுழையாது. கதவுக் கண்ணாடிகள் கிடைக்காததால் அந்த இடத்தில் தகரம் வைத்துப் பற்றவைத்திருந்தான். அவன் வைத்த பற்று, யானை உதைத்தாலும் விடாது. போன ஞாயிறு முழுக்கப் பின்கண்ணாடிச் சட்டத்தின் துருவோடு மல்லுக்கட்டிவிட்டு, தூசி படாமல் காரின் பின்பாதிக்குத் தார்ப்பாய் போர்த்தியிருந்தான். உள்ளே புழுக்கம், பாதி இருட்டு, இரும்பு வாடை. அவன் போனும் வீட்டுக்குள் கிடந்தது; கத்திப் பார்த்தார்கள். பக்கத்து மரம் அறுக்கும் பட்டறையின் ரம்பம் அவர்களைவிடப் பலமாகக் கத்தியது.

"மூணு வருஷமா பாடுபட்டு நல்ல எலிப்பொறியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து, அவள் தினமும் பால் ஊற்றும் சாம்பல் பூனை பின்னாலிருந்து தாவி அவள் மடியில் விழுந்தது.

"ஐயோ, சீட்டக் கீறிடும், தள்ளிவிடு!"

"எலிப்பொறியில பூனையே வந்து மாட்டிக்கிச்சு" என்று சிரித்துவிட்டு, அவள் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு பூனையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "கண்ணாடிய உடைங்க."

"எதை?"

"முன்னாடி இருக்கறத."

வெல்டர் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான். அந்த வளைந்த முன்கண்ணாடிக்காக ரெண்டு வருடம் ஊர் ஊராக அலைந்தான். கிடைத்ததும் ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

"எனக்குக் கால் ஒடிஞ்சப்போ ஆஸ்பத்திரியிலேருந்து தனியாத்தான் வந்தேன்" என்றாள், அவன் மனசைப் படித்தவள் போல.

"அதில்லம்மா... இது மாதிரி வேற கிடைக்காது."

"நானும்தான்."

அவன் கைப்பிடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். மணி நாலாக ஐந்து நிமிடம். அவள் நெற்றியில் வியர்வை வழிந்தது.

"இதை உடைச்சா கண்ணாடியும் போகும், நீயும் போயிடுவே" என்றான் மெதுவாக.

அவள் பூனையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அதுக்காக உன்னப் பூட்டியா வைக்க முடியும்?" சட்டையைக் கழற்றி அவள் தலையில் போர்த்தினான். "பூனையையும் சேத்து மூடிக்கோ. சில்லு தெறிக்கும்."

கண்ணாடியை ஒரு முறை உள்ளங்கையால் துடைத்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை ஓங்கினான்.

ஓங்கிய கை இறங்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து நீண்ட ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

தெருமுனையில் பஸ் ஒரு நீண்ட ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று. பின்னால் தார்ப்பாய் காற்றில் ஒரு முறை தூக்கி அடங்கியது. போன ஞாயிறு அவனே கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்து, பதற்றத்தில் மறந்தே போன பின்கண்ணாடியின் இடத்தில், ஒரு ஆள் தாராளமாகப் புகுந்து போகிற அளவுக்கு வெயில் தெரிந்தது.

அவள் சட்டையை மடித்து அவன் மடியில் வைத்தாள்.

"போறவளா இருந்தா, பூனை வந்த வழியா அப்பவே போயிருப்பேன்."