தங்கை சிரித்த படம்

“காப்பியடிச்சிருக்கியேம்மா” என்று புகைப்பட வகுப்பு வாத்தியார் பழைய புத்தகத்தை விரித்தார். என்றோ இறந்துபோன புகைப்படக் கலைஞர் ஒருவர் எடுத்த படம். நேற்று அவள் பயிற்சிக்காக எடுத்த படத்திலும் அதே மொட்டைமாடி, அதே துணிக்கொடி, அதே பெண்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் தங்கச்சி சார் அது!”

மறுநாள் தங்கையையே இழுத்துவந்து நிறுத்தினாள். காய் நறுக்கும்போது கத்தி பட்டு விரலில் போட்ட கட்டு, புத்தகத்திலும் இருந்தது.

தங்கை இரண்டையும் பார்த்தாள். “உன் படத்துல உம்முன்னு இருக்கேன்க்கா. இதுல சிரிக்கிறேன்.”

நேற்று அவள் கேமராவை இறக்கிய பிறகுதான் தங்கை சிரித்தாள், அவளுக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்து.

“எனக்கு மட்டும் ஏண்டி சிரிக்கல?” என்று பொரிந்தாள்.

“நீ சிரிக்கச் சொல்லலியே.”