அகராதிக்கு அடியில்

கல்யாணத்துக்குப் போக நேரமாகிவிட்டது. பட்டுப்புடவை பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவியைத்தான் காணோம். ஞானசுந்தரி வீட்டையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மேசைமேல் கிடந்த குண்டு ஆங்கில அகராதியின் அடியிலிருந்து சாவி கெஞ்சியது. "ஐயா, கொஞ்சம் நகருங்க. அவங்க கண்ணுல பட்டுடுவேன்."

"பொறு. அந்த அம்மாள் இப்போது செய்வதற்கு ஆங்கிலத்தில் 'ரம்மேஜ்' என்று பெயர். ஆதியில் கப்பலுக்குள் பீப்பாய்களை ஒழுங்காக அடுக்குவதைத்தான் அப்படிச் சொன்னார்கள். இன்றைக்கோ, எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுத் தேடுவது! அடுக்குவது எப்படிக் கலைப்பதாயிற்று என்றால்..."

"ஐயா, சுத்தியல எடுத்துட்டாங்க!"

"குறுக்கே பேசாதே. பதினாறாம் நூற்றாண்டில்..."

டமால் என்று பீரோவின் பூட்டு உடைந்தது. புடவையைக் கட்டிக்கொண்டு ஞானசுந்தரி ஓடினாள்.

மறுநாள் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அகராதியைத் தூக்கித் தூசி தட்டினாள். அடியில் சாவி! தலையில் அடித்துக்கொண்டு, அதைக் குப்பைக் கூடையில் வீசினாள்.

அகராதி கூடைக்குள் எட்டிப் பார்த்தது.

"பார்த்தாயா? அடுக்கும்போதுதானே அகப்பட்டாய்! அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள்தான் சரி."