ஒரு வண்டிக்கு ஒரே ஆள்

"அந்தப் படம் இந்தச் சுவத்துல ஏறாது. நான் உசிரோட இருக்கிற வரைக்கும் ஏறாது!"

தலைவர் கைத்தடியால் தரையைத் தட்டினார். சங்க அலுவலகத்தில் சுத்தியல் சத்தம் நின்றது.

ஸ்டூல் மேல் நின்றிருந்த ஸ்பேனர் திரும்பிப் பார்த்தார். ஆலையின் பழைய மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி; ஊருக்கெல்லாம் ஸ்பேனர்தான்.

"ஆணி அடிச்சாச்சே தலைவரே."

"பிடுங்கு."

"சுவர் பேர்ந்துடும்."

"பேரட்டும். பூசிக்கலாம்."

சுவர் நிறையப் படங்கள். ஜெயிலுக்குப் போனவர்கள், வேலை இழந்தவர்கள், நடுவில் தலைவரே இளம் மீசையோடு இரண்டு இடத்தில்.

கீழே ஒரு பெண், கண்ணாடி போட்ட படத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள். போன மாதம் காலமான அவள் அப்பாவின் படம். ஆலை வளாகத்துப் புல்வெளி முழுவதையும், உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டு வண்டியில் சுற்றிச் சுற்றியே வெட்டிக் காலத்தைக் கழித்த மனிதர். இப்போது அந்த வண்டியை ஓட்டுபவள் அவள்தான்.

"அப்பாவும் சங்கத்துச் செயலாளரா இருந்தவர்தானே, பெரியப்பா?"

"இருந்தான். அதைத்தான் நான் பறிச்சேனே."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். பழைய காலம் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"அப்ப எல்லாம் ஞாயித்துக்கிழமைன்னா, அதிகாரிங்க பிள்ளைகளுக்கு அந்த வண்டிதான் ராட்டினம். 'பாப்பாவை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போப்பா'ம்பாங்க. மடியில தூக்கி வச்சுக்கிட்டு ஓட்டணும். மாட்டேன்னா மறுநாள் சாக்கடை அள்ளணும். அப்படி ஒரு நாள் தோட்டக்காரரோட குழந்தையும் ஆசைப்பட்டு ஏறுச்சு. மேட்டுல வண்டி குலுங்குச்சு. குழந்தை நழுவிடுச்சு. அடியில சுத்தற பிளேடுல ஒரு பாதமே போச்சு."

தலைவர் கைத்தடியால் சுவரிலிருந்த பழைய படங்களைக் காட்டினார்.

"எத்தனை வாயிற்கூட்டம்! எத்தனை நோட்டீஸ்! உங்கப்பன் பசை வாளியைப் பிடிப்பான், நான் ஒட்டுவேன். பாதிப் பசை என் சட்டையிலதான் இருக்கும். 'ஒரு வண்டிக்கு ஒரே ஆள்.' அந்த வாசகமே அவன் எழுதினதுதாம்மா. அதுக்காக வேலைநிறுத்தம் பண்ணினோம். அடுப்பெரியாம கிடந்தோம். ஆனா பாட்டுக்குக் குறைச்சல் இல்லை! ஆலை வாசல்லயே பாடிக்கிட்டு, அங்கேயே தூங்கி... கடைசியில மானேஜர் கையெழுத்துப் போட்டான்."

சொல்லச் சொல்ல அவர் குரலுக்கு வயது குறைந்தது. சட்டென்று கசந்தது.

"போட்ட மை காயறதுக்குள்ள அதை மீறினது யாரு? உங்கப்பன்! உன்னை மடியில வச்சுக்கிட்டு மைதானத்தைச் சுத்தினான். மானேஜர் என்னை மாடிக்குக் கூப்பிட்டு ஜன்னல் வழியாக் காட்டினான். 'உங்க ஆளுதானே?'ன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகலை."

"எனக்கும் ஞாபகம் இருக்கு, பெரியப்பா. அம்மா தவறிப்போன வருஷம் அது. மறுநாள் என்னை ஹாஸ்டல்ல விடறதா இருந்தாங்க. வண்டியில ஒரு தடவை ஏத்தினாத்தான் போவேன்னு நான்தான் அடம் பிடிச்சேன்."

"உன் அழுகை விதிக்குத் தெரியுமா? பொதுக்குழுவுல நிக்க வச்சுக் கேட்டேன். 'தப்புதான் தோழர்'னான். அதோட சரி. ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. பேட்ஜைக் கழட்டுன்னேன். கழட்டி மேஜையில வச்சான். அதுக்கப்புறமும் தினமும் எனக்கு வணக்கம் சொன்னான். நான்தான் திருப்பிச் சொல்லலை."

மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"ஆனா ஒண்ணு. அன்னையிலேர்ந்து இந்த வளாகத்துல ஒரு குழந்தை அந்த வண்டியில ஏறலை. செயலாளருக்கே இந்தக் கதின்னா நமக்கென்ன கதின்னு எல்லாருக்கும் பயம். அதிகாரிகளுக்கும்தான்."

அவள் படத்தைத் துணியில் சுற்றத் தொடங்கினாள்.

"நீங்க சொல்றதும் நியாயம்தான், பெரியப்பா. நானும் அதே வண்டியைத்தானே ஓட்டறேன். கிட்டக்க ஒரு பிள்ளை வந்தாலே இன்ஜினை அணைச்சிடறேன். படம் வீட்டுலயே இருக்கட்டும்."

ஸ்பேனர் ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"நில்லும்மா. ஏன் தலைவரே, மாடியிலேர்ந்து நல்லாப் பார்த்தீங்களே, அன்னைக்கு வண்டி போன வழியில புல்லு வெட்டுப்பட்டுச்சா?"

"என்னடா கேள்வி இது?"

"பட்டிருக்காது. காலையிலேயே என் ஷெட்டுக்கு வந்து பிளேடு மொத்தத்தையும் கழட்ட வச்சான். நான் கழட்டினது போதாதுன்னு, தானே படுத்து அடியில கையை விட்டுத் தடவிப் பார்த்தான். பிளேடைச் சுத்த வைக்கிற பெல்ட்டையும் உருவிட்டான். அப்புறம்தான் பிள்ளையை ஏத்தினான். அதுவும் சமதரையில, மாடு மேயற வேகத்துல."

தலைவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"பாவி! இதை அன்னைக்கே பொதுக்குழுவுல சொல்லித் தொலைச்சிருந்தா அவனை விட்டிருப்பேனேடா!"

"சொல்லத்தான் எந்திரிச்சேன். என் கையைப் பிடிச்சு உட்கார வச்சிட்டான்."

"எதுக்குடா?"

"'பிளேடு இல்லைன்னு சொல்லி நான் தப்பிச்சுட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் கழட்டிட்டேன், கழட்டிட்டேன்னு பிள்ளையை ஏத்துவான். அதுல ஒருத்தன் கழட்ட மறந்துடுவான். நான் குத்தவாளியாவே இருந்துட்டுப் போறேன், உட்காரு'ன்னான் தலைவரே."