பை போட்ட இடம்

பாட்டு சட்டென்று நின்றபோது சுலோசனா நாற்காலியின் முதுகுப் பக்கம் சிக்கிக்கொண்டிருந்தாள்.

எதிரில் பேக்கிங் செக்‌ஷன் அக்தர் பேகம். நாற்காலி அவள் கைக்கெட்டும் தூரம்.

கம்பெனி விளையாட்டு விழா. பெண்களுக்கான மியூசிக்கல் சேர், கடைசிச் சுற்று. மிச்சம் இருப்பது இந்த இரண்டு பேரும் ஒரே ஒரு நாற்காலியும்தான்.

விசில் வைத்திருந்தது சுலோசனாவின் வீட்டுக்காரர் வடிவேல். அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஒரு காலத்தில் கபடி ஆடியவர் என்பதால் வருஷா வருஷம் விசில் அவர் கழுத்தில் ஏறிவிடும். கபடி ஆடியவர் என்பதை ஊரே மறந்தாலும் அவர் மறக்க விடமாட்டார்.

"நாற்காலில குந்துறதெல்லாம் ஒரு வெளாட்டாடி?" இன்று காலையில்கூடக் கேட்டார்.

போன வருஷம் இதே போட்டியில் அவள் ஜெயித்து வந்த கோப்பையைத் தன் கபடிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைக்க விடவில்லை மனுஷன். ஷோகேஸ் விளையாட்டுக்காரர்களுக்காம்! அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அவர் வாயாலேயே இதை விளையாட்டு என்று சொல்ல வைக்காமல் வீடு திரும்புவதில்லை என்றுதான் வந்திருந்தாள்.

பயமா, அவளுக்கா? திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக் கூட்டத்தோடு கோரிமேடு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடிக்கிறவள். கபடியில் எதிரே ஏழே பேர். அங்கே ஒரு பஸ் ஜனம்.

ஆனால் இப்போது ஓடினால் ஆகாது. அக்தர் பேகம் குனிந்தேவிட்டாள்.

சுலோசனா யோசிக்கவே இல்லை. கை தானாகத் தோளுக்குப் போனது. வீட்டுச் சாவியும் போனும் இருக்கிறதே என்று கழற்றாமல் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பை, பறந்து போய் நாற்காலியில் விழுந்தது.

அக்தர் பேகம் பாதியில் நிமிர்ந்தாள். பையைப் பார்த்தாள். ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள்.

சுலோசனா நிதானமாகச் சுற்றி வந்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது.

"இன்னா அக்தரக்கா, நீ குந்த வேண்டியதுதானே!" கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"அவங்கதான் பை போட்டுட்டாங்களே, அப்புறம் எப்பிடிக் குந்துறது?" என்றாள் அக்தர் பேகம். அவளுக்கும் தினம் அதே பஸ்தான்.

வடிவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. விசிலை ஊது ஊதென்று ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஃபவுல்! ஃபவுல்! வெளாட்டுன்னா ஒரு ரூல்ஸ் கெடையாதா? எழுந்திரு, நீ அவுட்டு!"

கோப்பை அக்தர் பேகத்துக்கு என்று ஆகிவிட்டது.

சுலோசனா எழுந்தாள். அவள் வாயெல்லாம் பல். நேராக மேடைக்குப் போய், அறிவிப்பு செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கை வாங்கி வந்து, வீட்டுக்காரர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"வெளாட்டுன்னு சொன்னீங்க இல்ல? இதுல இன்னொரு வாட்டி சொல்லுங்க."