மறுமுனை

“மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதைக் கழட்டி வீட்டுலயே வச்சுட்டு வந்தாச்சா? உன்னையெல்லாம் எவன் வேலைக்கு வச்சான்?”

பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த பெண் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கத்திய கத்தலில், ஏரியில் மிதந்துகொண்டிருந்த வாத்துகள் திசை மாறிப் போயின. இந்த முனையில் இருந்த கண்ணாடிக் கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

டாக்டர் உத்தரவு அது. “மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போக முடியாது. தினமும் சாயங்காலம் தண்ணிக்குப் பக்கத்துல போய் உக்காருங்க. அலையைப் பாருங்க, உங்க மூச்சைப் பாருங்க. மனசு தானா அடங்கும்.”

இன்று அவர் கிளம்பத் தயங்கியபோது மனைவிதான் செருப்பை எடுத்து முன்னால் போட்டாள். “முதல்ல போயிட்டு வாங்க. காலையில போன்ல நீங்க போட்ட சத்தத்துல மாடி வீட்டுக்காரங்களே எட்டிப் பார்த்தாங்க. கத்தி முடிச்சதும் என்ன கத்தினோம்னே உங்களுக்கு மறந்துடுது.”

மூச்சை இழுத்தார், விட்டார். காற்று தண்ணீரின் மேல் சுருக்கம் சுருக்கமாக ஓடியது. மனம் ஒரு நூலளவு அடங்கியது.

“உங்கம்மா உன்னைப் பெத்ததுக்கு ஒரு துவைக்கிற கல்லைப் பெத்திருந்தா, துணியாவது வெளுத்திருக்கும்!”

அடங்கிய மனம் துள்ளி எழுந்தது. நேற்றும் இவள் இப்படித்தான் யாரையோ வறுத்தெடுத்தாள். நேற்று அவர் வேறு பெஞ்சுக்கு இடம் மாறினார்; இன்று எல்லாப் பெஞ்சிலும் ஆள்.

“ஏம்மா! கொஞ்சம் வாயை மூடுறியா?”

அவள் சட்டென்று திரும்பினாள். அவர் கண்ணைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்தாள்.

“மறுபடி சொல்லுங்க.”

“வாயை மூடுன்னேன். மனுஷன் இங்க நிம்மதிக்கு வர்றான்.”

“நானும் அதுக்குத்தான் வர்றேன்.”

“இதுக்குப் பேரு நிம்மதியா? அடுத்தவன் காது கிழியுது!”

“அப்போ தள்ளிப் போய் உக்காருங்க. ஏரி என்ன, உங்க வீட்டுக் குழாயில வந்த தண்ணியா?”

அவருக்குக் காதோரம் சூடேறியது. நடந்துகொண்டிருந்தவர்கள் சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் அவர் குரல் இன்னும் உயர்ந்தது.

“கேளுங்கய்யா, இந்தப் பொண்ணு பேசற பேச்சை! போன்ல இருக்கறதும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே? அதோட அம்மாவையும் சேர்த்து இழுக்கறா. இவ வாயில விழுந்தா அந்தப் பிள்ளைக்குச் சோறு எப்படித் தொண்டையில இறங்கும்?”

“இறங்காது சார்,” என்றாள் அவள். “நிஜமாவே இறங்கல.”

“திமிரைப் பாரு! குடு போனை. உன் சார்பா நானே மன்னிப்புக் கேக்கறேன்.”

எட்டிப் பிடுங்கினார். அவள் தடுக்கவில்லை. “ஹலோ, தப்பா எடுத்துக்காதீங்க, இந்தப் பொண்ணுக்கு வளர்ப்பு சரியில்ல...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. திருப்பிப் பார்த்தார். போன் அணைந்து கிடந்தது.

“யாருமே இல்லியே?”

“இல்ல சார். நான் ஒரு சர்வீஸ் சென்டர்ல போன் எடுக்கறேன். யார் என்ன திட்டினாலும் ‘மன்னிக்கணும் சார்’ங்கறதைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாங்கினதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா அம்மா மேல எரிஞ்சு விழறேன். அதான் அன்னன்னைக்கு வாங்கினதை, வார்த்தை மாறாம, இங்க வந்து கொட்டறேன். கொட்டிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணியைப் பார்த்துக்கிட்டே இருந்தா அடங்கிடும்.”

வேடிக்கை பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கண்ணாடிக் கடைக்காரர் போனைச் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“பெத்த தாயை இழுத்துப் பேசினானா? அவனெல்லாம் மனுஷனாம்மா? எவன் அவன், சொல்லு. இப்பவே போய்ச் சட்டையைப் பிடிக்கறேன்!”

அவள் போனை வாங்கிப் பைக்குள் போட்டாள். எழுந்து நின்று, ஆபீஸ் குரலில், பணிவாகச் சொன்னாள்:

“உங்க வாஷிங் மெஷினைப் பார்க்க நாளைக்குக் காலையில ஆள் வந்துடுவாங்க, சார்.”