துணிக்குக் காவல்

அவள் மடியில் அவருடைய துணிமணி மொத்தமும் கிடந்தது.

கோட்டு. ஸ்வெட்டர். குரங்குக் குல்லா. அதன்மேல் பனி விழுந்து விழுந்து கரைந்தது.

எதிரே திறந்தவெளிக் குளம். வெந்நீர் ஊற்றாம். ஆவி பறக்கிற தண்ணீரில் ஊரே கழுத்தளவுக்குக் கிடந்தது. இரண்டு கிழவர்கள் தண்ணீரில் நின்றபடியே செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் அவள் வீட்டுக்காரரும் இருந்தார். கண்ணை மூடி, வாயைத் திறந்து, ஏதோ சொர்க்கத்தில் பாதி தூரம் போய்விட்டவர் மாதிரி.

புடாபெஸ்ட். இந்தக் குளிர்காலச் சுற்றுலாவில் கடைசி ஊர். நாளைக்கு விமானம்.

பாரிஸில் கோபுரம் பார்த்தாயிற்று. பெர்லினில் இடிந்த சுவர். பிராகில் கடிகாரம். வியன்னாவில் அரண்மனை. எல்லாம் அவர் முன்னால் போக, பின்னால் போய்ப் பார்த்தாள்.

குறை சொல்லக் கூடாது. நல்ல மனுஷன்தான். எந்த ஊரிலும் அவள் சாப்பிட்டாளா என்று கேட்காமல் கை நனைத்ததில்லை.

ஆனால் தண்ணீர் என்று வந்துவிட்டால் அவர் உள்ளே, அவள் கரையில்.

குற்றாலத்தில் ஆரம்பித்த வினை அது.

கல்யாணமான புதிது. இரண்டு பேரும் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், கரையில் வைத்த வேட்டி மரத்தின் மேல் இருந்தது. குரங்கு கையில். ஈரத் துண்டோடு, ஊர் சிரிக்க, விடுதி வரைக்கும் நடந்தார் மனுஷன்.

துணிக்கு ஒரு ஆள் இருக்கணும் என்று அன்றைக்குச் சொன்னார். அந்த ஆள் யார் என்று சொல்லவேயில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அப்புறம் எத்தனை சீசன்! அருவி அங்கே கொட்ட, இவள் சாரலில் மட்டும் நனைந்துகொண்டு, மடியில் மூட்டையோடு குரங்கை விரட்டியபடி இருந்தாள். திருச்செந்தூரில் கடலும் அப்படித்தான். பிள்ளைகள் பிறந்தார்கள், மூட்டை பெருத்தது. பிள்ளைகள் வளர்ந்து போனார்கள், மூட்டை சிறுத்தது. மடி மட்டும் மாறவில்லை.

இங்கே லாக்கர் உண்டு. மணிக்கட்டில் கட்டிவிட்ட நீலப் பட்டையைக் காட்டினால் திறக்கும், காட்டினால் மூடும்.

அவர் சங்கரன்கோவிலில் ஹார்டுவேர் கடை வைத்து, பூட்டு விற்றே பிழைத்தவர். சாவி இல்லாத பூட்டை நம்புவாரா? "இதெல்லாம் சரிப்படாது" என்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு.

அவளுடைய கோட்டுக்குள் சுடிதார். சுடிதாருக்குள் நீச்சலுடை.

மதுரையில், மகளுக்கு என்று பொய் சொல்லி வாங்கியது. கையும் காலும் மூடினது. பெட்டியில் சேலைகளுக்கு அடியில் படுத்தபடி அதுவும் ஒவ்வொரு தலைநகராக வந்தது. இன்று காலை குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு போட்டுக்கொண்டாள்.

போட்டுக்கொண்டால் ஆயிற்றா? எழுந்திருக்க வேண்டுமே.

சுற்றுலாவுக்கு வழிகாட்டியாக வந்த ஹெலன் மேடம் துண்டைப் போர்த்திக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தாள்.

"என்னக்கா, நீங்க இறங்கலயா?"

"துணிக்கு இருக்கேன்."

வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு அவள் காதிலேயே அது விழுந்தது.

துணிக்கு இருக்கிறாளாம். ஏழு கடல் தாண்டி வந்து, துணிக்கு!

ஆத்திரமாக வந்தது. கூடவே அழுகையும். யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூட்டையை பெஞ்சில் வைத்தாள்.

எழுந்தாள்.

உடை மாற்றும் அறைக்குப் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவாள்.

வந்து, மடித்த சுடிதாரையும் கோட்டையும் அவர் துணியின் மேலேயே வைத்தாள். வெறும் பாதத்தைக் குளிர் கடித்தது. படியைப் பிடித்தாள். ஒரு படி. இன்னொரு படி.

அம்மாடி!

இடுப்பு, மார்பு, கழுத்து என்று சூடு ஏறி வந்தது. பாரிஸிலிருந்து எலும்புக்குள் குடியிருந்த குளிர் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

முதலில் ஆள் யாரென்று தெரியவில்லை. தெரிந்ததும் தொண்டை கிழிந்தது.

"ஏளா! ஒனக்குக் குளிர் விட்டுப்போச்சு, என்னா?"

ஊரில் அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான். கேட்ட மறுநிமிஷம் அவள் தலை குனிந்துவிடும்.

இன்றைக்கு உண்மையிலேயே விட்டுப்போயிருந்தது. இல்லை என்று எப்படிச் சொல்வாள்?

"ஆமாங்க," என்றாள். "விட்டே போச்சு."

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. கண் மெல்ல அவளைத் தாண்டி பெஞ்சுக்குப் போனது.

"அப்ப துணிக்கு?"

அவள் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். தண்ணீர் தாங்கியது. முகத்தில் பனி, முதுகில் வெந்நீர்.

நிமிர்ந்தபோது அவர் இருந்த இடத்தில் ஆவி மட்டும் இருந்தது.

கரையில் நின்றார். பெஞ்சுக்குப் பக்கத்தில், மரத்தடியில், ஈரத் துண்டோடு. இரண்டு பேர் துணியையும் சேர்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பல் கிட்டித்தது. வழுக்கையில் பனி விழுந்துகொண்டிருந்தது. கூடச் சுற்றுலா வந்த ஆம்பிளைகள் சிரித்தார்கள்.

அவளுக்கும் சிரிப்புதான் வந்தது. அது பாதியில் நின்றது. இத்தனை வருஷமும் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தால் நானும் இப்படித்தான் தெரிந்திருப்பேனா?

தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தாரா? இல்லை, பார்க்கவே இல்லையா?

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கரையோரம் வந்தாள். நீலப் பட்டை கட்டிய கையை அவரை நோக்கி நீட்டினாள்.

"ஏங்க, இங்க குரங்கு கிடையாது. அதை வச்சிட்டு வாங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார்.

பிறகு, இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்.