ஒருநாள் ஃப்ரீ

"எங்க எறங்கணும்? சொன்னாத்தானக்கா டிக்கெட் அடிக்க முடியும்" என்றார் கண்டக்டர்.

எனக்குத் தெரியவில்லை.

பஞ்சு மார்க்கெட்டில் பஸ் வந்து நின்றது, ஏறிவிட்டேன். பெண்களுக்குக் காசில்லாத பஸ். காசு வாங்காவிட்டாலும் இறங்கும் இடத்தைக் கேட்பார்கள் என்பது மறந்துபோயிற்று. மெஷினில் ஊரைத் தட்டினால்தான் அந்தச் சீட்டு வெளியே வருமாம்.

"ஃப்ரீ டிக்கெட்டுக்கே இம்புட்டு ரோசனையா?" என்று பின்சீட்டில் ஒருத்தி சிரித்தாள். சிரிக்கட்டும். அவளுக்கென்ன, அவளுக்குப் போகும் இடம் தெரியும்.

எல்லாம் என் மகள் மாரிசெல்வி செய்த வேலை. கோயம்புத்தூரிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறாள். காலையில் நான் அடுப்பைப் பற்ற வைக்கப் போனபோது கையிலிருந்த லைட்டரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யம்மா, சாயங்காலம் வரைக்கும் நீ ஃப்ரீ. அப்பாவ நான் பாத்துக்கிடுதேன். எங்கயாச்சும் போய்ட்டு வா."

ஃப்ரீ.

சோப்புத்தூள் வாங்கினால் வாளி ஃப்ரீ என்பார்கள், அது புரியும். என் வீட்டுக்காரரின் சக்கர நாற்காலிக்கு எண்ணெய் விட்டால் சக்கரம் ஃப்ரீயாகச் சுற்றும், அதுவும் புரியும். "காலைல ஃப்ரீயா போனாரா?" என்று அவரைப் பற்றி டாக்டர் கேட்பார். ஒன்பது வருஷமாக அதற்குப் பதில் சொல்கிறவள் நான்தான்.

நானே ஃப்ரீ என்றால் என்ன செய்ய வேண்டும்? அதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போனது. அன்றிலிருந்து பல் தேய்த்துவிடுவது, குளிப்பாட்டுவது, மூன்று வேளையும் ஊட்டிவிடுவது எல்லாம் நான்தான். அவர் சட்டையில் ஒரு பருக்கை சிந்தினால்கூட எனக்குப் பொறுக்காது. வெள்ளத்தாய் மாதிரிப் புருஷனைப் பார்க்க ஆளில்லை என்று தெருவே என்னைச் சொல்லும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு, பொய் சொல்லக் கூடாது.

கண்டக்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்" என்றேன். அந்த பஸ் போகிற கடைசி ஊர் அதுதான்.

இறங்கி, பஸ் ஸ்டாண்டின் நடுவில் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றேன். அந்த ஊரில் எனக்கு டாக்டர் வீடும் மருந்துக்கடையும் மட்டும்தான் தெரியும்.

கோயிலுக்குப் போகலாம் என்று நடந்தேன். பாதி வழியில், இந்நேரம் அவரைத் திருப்பிப் படுக்க வைத்திருப்பாளா என்று நினைப்பு வந்தது. உள்ளே போனாலும் அதைத்தான் வேண்டப்போகிறேன். நின்ற இடத்திலிருந்தே கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டேன்.

பால்கோவா கடையில் "எம்புட்டும்மா வேணும்?" என்று கேட்டார்கள். அவருக்குச் சர்க்கரை. மகளுக்கு இனிப்பு ஆகாது. எனக்குப் பால்கோவா பிடிக்குமா? நின்று யோசித்தேன். நினைவுக்கு வரவேயில்லை.

பயந்துவிட்டேன். விறுவிறுவென்று திரும்பி, கிளம்பப்போன பஸ்ஸில் ஏறினேன்.

"பஞ்சு மார்க்கெட்." இந்தத் தடவை கண்டக்டர் வாயைத் திறக்கும் முன்பே சொன்னேன். அப்போதுதான் மூச்சே சரியாக வந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. சாப்பாட்டு நேரம். மாரிசெல்விக்கு அவருக்கு ஊட்டத் தெரியாது, வாய் நிறைய வைத்தால் புரையேறிவிடும். ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்குள் நுழைந்தேன்.

உள்ளேயிருந்து ஓர் ஆண் சிரிக்கும் சத்தம் கேட்டது. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

சன்னல் வழியாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

மடியில் தட்டு. இடது கையால் சாம்பார் சோற்றைப் பிசைந்து, தானே அள்ளி அள்ளித் தின்றார். சட்டையில் சோறு, தாடியில் சோறு, தரையெல்லாம் சோறு. மாரிசெல்வி எதையும் துடைக்காமல் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஒன்பது வருஷமும் நன்றாகத்தான் இருந்தது. விழுந்த முதல் வாரத்தில் அவர் அந்தக் கையைத் தட்டுக்குக் கொண்டுபோனார். பீச்சாங்கையால் சோறு தின்பதா, நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது உங்களுக்கு அந்த நிலைமையா என்று அழுதுகொண்டே தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கையை நீட்டவே இல்லை.

"ஒங்கம்மா... எப்ப வருவா?" குழறிக் குழறிக் கேட்டார்.

"சாயங்காலம் ஆவும்ப்பா."

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"அப்பொ... இன்னுங் கொஞ்சம் சோறு போடு."

உள்ளே ஓடிப்போய் அந்தத் தாடியைத் துடைத்துவிட வேண்டும் என்று என் கை பரபரத்தது. அழுகை வந்தது. கோபமா, சந்தோஷமா, எதற்கென்றே தெரியாத அழுகை.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் மறுபடியும் தெருவுக்கு நடந்தேன். மணி இன்னும் ஒன்றுகூட ஆகவில்லை.